வெல்லத்தைப் படிக்கும் புரதங்கள்

உயர்தர உயிரியலில் காபோவைதரேற்றுக்களின் தொழில்களை எழுதச் சொன்னால் நாங்கள் எல்லோரும் ஒரே ஒழுங்கில்தான் எழுதுவோம். முதலில் சக்தி, அடுத்து சேமிப்பு, அதன்பின் கட்டமைப்பு. கடைசியாக ஒரு சிறு வரி: கலங்கள் ஒன்றையொன்று இனங்காண உதவுதல். இந்தக் கடைசி வரியை விளக்கும்படி எவரும் கேட்பதில்லை. ஆனால் ஒரு கலம் பிரிந்து பெருகலாமா, ஓய்ந்திருக்க வேண்டுமா, இறந்துவிட வேண்டுமா என்ற தீர்ப்பில் அந்த வரிக்குப் பெரிய பங்கு உண்டு. அதைப் பற்றி வாசித்ததைத் தோழிகளோடும், இம்மலரை வீட்டில் எடுத்துப் புரட்டும் உம்மா வாப்பாமாரோடும் பகிர்ந்துகொள்ளவே இக்கட்டுரை.

பெற்றோருக்காக முதலில் ஒரு சொல் விளக்கம். எங்கள் பாடநூலில் 'வெல்லம்' என்று வருவது பெருநாளைக்கு வட்டிலப்பத்தில் சேர்க்கும் கருப்பட்டியை மட்டும் குறிப்பதில்லை. தேநீருக்குப் போடும் சீனி, பாலிலுள்ள இலக்டோசு, குருதியில் ஓடும் குளுக்கோசு எல்லாம் அந்தக் குடும்பந்தான். இனிக்காத வெல்லங்களும் அதில் பல உள்ளன.

கல்லூரி ஆய்வுகூடத்து நுணுக்குக்காட்டியில் கன்னத்தின் உட்புறக் கலங்களைப் பார்க்கும்போது கலத்தின் எல்லை ஒரு மெல்லிய கோடாகத்தான் தெரியும். உண்மையில் அந்தக் கோட்டின் வெளிப்புறம் பாசி படர்ந்த கல்லைப் போன்றது. மென்சவ்விலுள்ள புரதங்கள் மீதும் இலிப்பிட்டுக்கள் மீதும் வெல்லச் சங்கிலிகள் கிளைவிட்டு நிற்கின்றன. எங்கள் உடலில் எந்தக் கலத்தை எடுத்தாலும் இந்தப் போர்வை இருக்கும்.

இந்தப் போர்வை எவ்வளவு முக்கியமானது என்பதற்கு நாம் எல்லோரும் அறிந்த உதாரணம் குருதி வகை. ஏ வகைக் குருதிக்கும் பீ வகைக் குருதிக்கும் இடையிலுள்ள வித்தியாசம், செங்குழியத்தின் மேலுள்ள சங்கிலியின் நுனியில் இருக்கும் ஒரேயொரு வெல்லம். ஏ வகையில் அது அசற்றைல் கலக்டோசமைன். பீ வகையில் கலக்டோசு. ஓ வகையில் இவ்விரண்டும் இல்லை. ஏபீ வகையில் இரண்டும் உண்டு. ஒரு நுனி வெல்லம் மாறிய குருதியை ஏற்றினால் நோயாளி உயிரிழக்கவும் கூடும். அலங்காரத்துக்காக ஒட்டிய பொருள் இப்படிச் செய்யாது.

வெல்லச் சங்கிலியை ஓர் எழுத்து என்று எடுத்துக்கொண்டால் அது புரதத்தை விடச் செறிவான எழுத்து. மூன்று வெவ்வேறு அமினோ அமிலங்களை வரிசையாகக் கோத்தால் ஆறு விதமாகக் கோக்கலாம். ஆனால் மூன்று வெவ்வேறு வெல்லங்களை இணைத்தால் ஆயிரத்துக்கு மேற்பட்ட வடிவங்கள் கிடைக்கும். காரணம், ஒரு வெல்லத்தில் பல இடங்களில் பிணைப்பு உண்டாகலாம், கிளையும் விடலாம். இன்னொரு விசேடம், இந்தச் சங்கிலியின் வரிசை டீ.என்.ஏ.யில் நேரடியாக எழுதப்பட்டிருக்கவில்லை. அகமுதலுருச் சிறுவலையிலும் கொல்கி உபகரணத்திலும் உள்ள நொதியங்கள் ஒவ்வொரு வெல்லமாகப் பொருத்திக்கொண்டு போகின்றன. அந்த நேரத்தில் எந்த நொதியம் எவ்வளவு இருக்கிறது, எந்த வெல்லம் எவ்வளவு கிடைக்கிறது என்பதைப் பொறுத்துச் சங்கிலி மாறும். அதாவது கலத்தின் நிலைமை மாறும்போது அதன் போர்வையிலுள்ள எழுத்தும் மாறுகிறது.

எழுத்து இருந்தால் படிப்பவரும் இருக்க வேண்டும். அப்படிப் படிக்கும் புரதங்களுக்குத்தான் லெக்டின் என்று பெயர். தெரிந்தெடுத்தல் என்ற பொருளுடைய இலத்தீன் சொல்லிலிருந்து 1954இல் வில்லியம் பொய்ட் என்ற அமெரிக்க ஆய்வாளர் இப்பெயரை எடுத்தார். லெக்டின்கள் வெல்லத்தை நொதியங்களைப் போல வெட்டுவதில்லை, மாற்றுவதில்லை. தமக்குரிய வெல்லத்தைத் தெரிந்து பற்றிக்கொள்கின்றன.

பெயர் வருவதற்கு வெகு காலம் முன்பே பொருள் அகப்பட்டுவிட்டது. 1888இல், இன்று எஸ்தோனியாவிலுள்ள தார்த்து நகரப் பல்கலைக்கழகத்தில், ஸ்டில்மார்க் என்ற மாணவர் தமது பட்ட ஆய்வுக்காக ஆமணக்கு விதையை எடுத்துக்கொண்டார். அதன் சாற்றிலிருந்த ஒரு புரதம் செங்குழியங்களைக் கட்டி கட்டியாக ஒட்ட வைப்பதைக் கண்டார். அதற்கு ரிசின் என்று பெயரிட்டார். ரிசினில் இரண்டு பகுதிகள் உண்டு. ஒன்று கலத்தின் மேலுள்ள கலக்டோசைப் பிடித்துக்கொண்டு மற்றதை உள்ளே அனுப்பி வைக்கிறது. உள்ளே போனது புரதம் தயாரிக்கும் இறைபோசோம்களை ஒவ்வொன்றாகச் செயலிழக்கச் செய்கிறது. புரதம் ஆக்க முடியாத கலம் இறந்துபோகிறது. எங்கள் வேலிகளில் படரும் குன்றிமணியிலும் இதே வகை நஞ்சு உள்ளது. சின்னப் பிள்ளைகள் உள்ள வீடுகளில் அந்தச் சிவப்பு மணிகளை விளையாடக் கொடுக்காமல் இருப்பது நல்லது. (உம்மும்மா காலத்தில் வயிறு கழுவக் கொடுத்த ஆமணக்கெண்ணெயை நினைத்து யாரும் பயப்பட வேண்டாம். ரிசின் எண்ணெயோடு வருவதில்லை. பிழிந்த பிண்ணாக்கில் தங்கிவிடும்.)

ஆக, வெல்லத்தைப் படிக்கும் புரதம் கலத்தைக் கொல்லும் என்பது முதலில் தெரிய வந்தது. அதே வகைப் புரதம் கலத்தை வளர்க்கவும் செய்யும் என்பது தெரிய மேலும் எழுபது ஆண்டுகள் சென்றன. அந்தக் கதைதான் எனக்கு மிகவும் பிடித்தது.

1950களின் இறுதியில் அமெரிக்காவின் பென்சில்வேனியாப் பல்கலைக்கழகத்தில் பீற்றர் நோவெல் என்ற வைத்தியர் குருதியின் வெண்குழியங்களை ஆராய்ந்துகொண்டிருந்தார். வெண்குழியங்களைத் தனியாக எடுக்க வேண்டுமென்றால் செங்குழியங்களை அகற்ற வேண்டும். அதற்கு அக்காலத்தில் ஓர் இலகுவான வழி இருந்தது. சிவப்பு போஞ்சி விதையிலிருந்து எடுத்த லெக்டினைச் சேர்த்தால் செங்குழியங்கள் ஒட்டிக் கட்டியாகி அடியில் படிந்துவிடும். நோவெலும் அப்படியே செய்தார். சில நாட்களின் பின் பார்த்தபோது அவரது கலங்களில் பல இழையுருப்பிரிவில் ஈடுபட்டிருந்தன. இது நடக்கக் கூடாத விடயம். முதிர்ந்த நிணநீர்க்குழியம் இனிப் பிரியாது, அது தன் வாழ்வின் கடைசிப் படியில் இருக்கிறது என்றுதான் அன்று எல்லோரும் நம்பியிருந்தார்கள். நோவெல் ஒவ்வொரு பொருளாக நீக்கிப் பார்த்தார். போஞ்சிச் சாறு இல்லாவிட்டால் பிரிவும் இல்லை. வெறும் ஒட்டுப்பசை என்று நினைத்துச் சேர்த்த பொருள் உறங்கிக் கிடந்த கலங்களை எழுப்பியிருந்தது. 1960இல் அவர் இதை வெளியிட்டார்.

இதன் பயனை இன்றும் பல குடும்பங்கள் அனுபவிக்கின்றன. பிறந்த குழந்தைக்கு டவுன் நோய்க்குறி உள்ளதா என்று உறுதிப்படுத்த நிறமூர்த்தங்களை எண்ணிப் பார்க்க வேண்டும். பிரிந்துகொண்டிருக்கும் கலத்தில்தான் நிறமூர்த்தங்கள் தெளிவாகத் தெரியும். குருதியிலுள்ள நிணநீர்க்குழியங்கள் தாமாகப் பிரியமாட்டா. ஆகவே சில துளிக் குருதியில் போஞ்சி லெக்டினைச் சேர்த்து மூன்று நாட்கள் வளர்ப்பார்கள். பின்னர் கொல்சிசின் போன்ற ஒரு பொருளால் பிரிவை அனுவவத்தையில் நிறுத்திப் படம் பிடிப்பார்கள். எங்கள் பாடநூலில் இருபத்து மூன்று சோடியாக அடுக்கி வைத்திருக்கும் அந்தப் படத்துக்குப் பின்னால் ஒரு போஞ்சி விதை இருக்கிறது என்பதைப் பாடநூல் சொல்வதில்லை.

போஞ்சிப் புரதம் எப்படி மனிதக் கலத்தை எழுப்ப முடிந்தது? லெக்டின்களுக்குப் பொதுவாக ஒன்றுக்கு மேற்பட்ட கைகள் உண்டு. ஒரு கை ஒரு சங்கிலியையும் மறு கை பக்கத்துச் சங்கிலியையும் பிடிக்கும்போது, அச்சங்கிலிகளைத் தாங்கியிருக்கும் வாங்கிப் புரதங்கள் ஒன்றையொன்று நெருங்கி வருகின்றன. பல வாங்கிகள் தனித்தனியாக நிற்கும் வரை மௌனமாக இருக்கும். கூட்டமாகச் சேர்ந்தவுடன் கலத்தினுள்ளே சமிக்ஞை புறப்படும். ரீ நிணநீர்க்குழியம் உண்மையான கிருமியைச் சந்திக்கும்போது நடப்பதும் இப்படியான கூட்டம் சேர்தல்தான். போஞ்சி லெக்டின் அழைப்பு இல்லாமலேயே வாங்கிகளைக் கூட்டிவிடுகிறது. கலமோ கிருமி வந்துவிட்டது என்று நினைத்துப் பெருகத் தொடங்குகிறது.

இங்கே ஒரு கேள்வி எழும். நம் கலங்களின் மேல் உள்ள எழுத்தை எங்கோ ஒரு செடி விதையா படிக்க வேண்டும்? நம் உடலுக்குள்ளேயே அதைப் படிப்பவர்கள் இல்லையா?

இருக்கிறார்கள். அவர்களில் ஒரு கூட்டத்துக்குக் கலெக்டின்கள் என்று பெயர். 1975இல் மின் விலாங்கு மீனின் இழையத்தில் முதலாவது கண்டுபிடிக்கப்பட்டது. 1994இல் ஆய்வாளர்கள் கூடி இக்குடும்பத்துக்குப் பொதுப் பெயரிட்டு எண்களும் கொடுத்தார்கள். பெயரின் தொடக்கத்திலுள்ள 'கல' எங்கள் 'கலம்' இல்லை. கிரேக்க மொழியில் 'கலா' என்றால் பால். பாலில் உள்ள கலக்டோசைப் பற்றும் புரதங்கள் என்பதால் அப்பெயர். மனிதரிலும் மற்றைய முலையூட்டிகளிலுமாக ஏறத்தாழப் பதினைந்து கலெக்டின்கள் அறியப்பட்டுள்ளன.

முதலாம் கலெக்டினின் வேலையைப் புரிந்துகொள்ள ஒரு காய்ச்சலை நினைத்துக்கொள்வோம். கிருமி நுழைந்ததும் அதற்குரிய ரீ குழியங்கள் பெருகுகின்றன. ஒரு கிழமையில் அவை பெரும் படையாகிவிடும். கிருமி ஒழிந்த பின் இந்தப் படைக்கு என்ன வேலை? அது கலைக்கப்படாவிட்டால் சொந்த இழையங்களையே தாக்கத் தொடங்கலாம். எனவே பெரும்பாலான குழியங்கள் இறக்க வேண்டும். அதுவும் வெடித்துச் சிதறி அயலைப் பழுதாக்காமல் இறக்க வேண்டும். இதைத்தான் அப்போப்டோசிசு என்கிறோம். 1972இல் கெர், வைலி, கரீ என்ற மூவர் இச்சொல்லைக் கொண்டு வந்தனர்; கிரேக்க மொழியில் மரத்திலிருந்து இலை உதிர்வதைக் குறிக்கும் சொல் அது. கலம் சுருங்கும், டீ.என்.ஏ துண்டு துண்டாகும், மென்சவ்வினால் பொதிந்த சிறு பொட்டலங்களாகப் பிரியும், அயற்கலங்கள் அவற்றை விழுங்கிவிடும். சத்தமும் இல்லை, வீக்கமும் இல்லை. தாயின் வயிற்றில் எங்கள் விரல்களுக்கு இடையே இருந்த சவ்வு மறைந்ததும் இப்படித்தான்.

1995இல் அமெரிக்காவின் லொஸ் ஏஞ்சலிசில் லின்டா பாமும் அவரது சகாக்களும் முதலாம் கலெக்டின் ரீ குழியங்களைப் பற்றி இந்த இறப்பைத் தூண்டுகிறது என்று காட்டினார்கள். ஆனால் அது கண்ட குழியங்களை எல்லாம் கொல்வதில்லை. இங்கேதான் வெல்ல எழுத்தின் அருமை தெரிகிறது. சில சங்கிலிகளின் நுனியில் கலக்டோசுக்கு மேல் சியாலிக் அமிலம் என்ற ஒரு வெல்லம் மூடி போல அமர்ந்திருக்கும். அந்த மூடி ஒரு குறிப்பிட்ட விதமாகப் பொருந்தியிருந்தால் கலெக்டினால் கீழே உள்ளதைப் பற்ற முடியாது. மூடி இருக்கும் குழியம் பிழைத்துக்கொள்ளும். மூடி இழந்த குழியம் இறப்புக்குத் திறந்திருக்கும். கடிதத்தின் ஓர் எழுத்தை விரலால் மறைத்தால் பொருள் மாறிவிடுவதைப் போன்றது இது.

மூன்றாம் கலெக்டின் இன்னும் குழப்பமானது. முதன்முறை வாசித்தபோது அச்சுப் பிழையோ என்று நினைத்தேன். அது கலத்துக்கு வெளியே இருந்தால் ரீ குழியத்தை இறக்கச் செய்யும். அதே புரதம் கலத்துக்கு உள்ளே இருந்தால் அந்தக் கலத்தை இறப்பிலிருந்து காக்கும். உள்ளே இருக்கும்போது அது வெல்லத்தைப் படிப்பதைவிட, இறப்பைத் தடுக்கும் வேறு புரதங்களைப் போல நடந்துகொள்கிறது. கலெக்டின்கள் மற்றைய சுரப்புப் புரதங்களைப் போல கொல்கி உபகரணத்தின் வழியாக வெளியேறுவதில்லை; குழியவுருவில் உண்டாகி வேறு பாதையால் வெளியே போகின்றன. ஆகவே வெல்லங்கள் ஒரு வழியாலும் அவற்றைப் படிப்பவை இன்னொரு வழியாலும் வந்து, கலத்துக்கு வெளியேதான் சந்திக்கின்றன. ஏழாம் கலெக்டினைப் பற்றி ஒரு சிறு குறிப்பு: அது தோலில் உள்ளது. கடும் வெயிலின் புறஊதாக் கதிரால் பழுதடைந்த தோற்கலங்களில் அது அதிகரித்து, அவை புற்றாக மாறும் முன் இறந்துபோவதற்குத் துணை செய்கிறது.

இறப்பைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறேன். வளர்ச்சிக்கு வருவோம். கலத்தை வளரச் சொல்லும் வாங்கிகள் மென்சவ்வில் நிரந்தரமாக நிற்பதில்லை. சிறிது நேரத்தில் கலம் அவற்றை உள்ளே இழுத்துக்கொள்ளும், சமிக்ஞை ஓய்ந்துவிடும். ஆனால் அந்த வாங்கியின் மேலுள்ள வெல்லச் சங்கிலிக்குக் கிளைகள் அதிகம் இருந்தால், கலெக்டின்கள் அக்கிளைகளைக் கோத்து மென்சவ்வின் மேல் ஒரு பின்னல் போடுகின்றன. பின்னலில் அகப்பட்ட வாங்கி உள்ளே போகாமல் மேற்பரப்பில் தங்கி, வளர்ச்சிச் செய்தியை நீண்ட நேரம் வாங்கிக்கொண்டிருக்கும்.

கனடாவின் டொரொன்டோ நகரில் ஜேம்ஸ் டெனிசின் குழுவினர் இதை ஒரு சுண்டெலியில் சோதித்தார்கள். கிளைகளில் ஒன்றைப் பொருத்தும் நொதியத்துக்கு எம்காட்-5 என்று பெயர். அதன் பரம்பரையலகை நீக்கிய சுண்டெலிகளில் மார்புப் புற்றின் வளர்ச்சியும் பரவலும் குறைந்தன. இது 2000ஆம் ஆண்டு. ஒரேயொரு வெல்லக் கிளையை நீக்கிப் புற்றுநோயைத் தடுத்துவிடலாம் என்று எவருக்கும் ஆசை வரும். அடுத்த ஆண்டே அதே சுண்டெலிகள் இன்னொரு பக்கத்தைக் காட்டின. அவற்றின் ரீ குழியங்கள் சிறு தூண்டலுக்கும் கிளர்ந்தெழுந்து சொந்த உடலையே தாக்கின. ரீ குழியத்தின் வாங்கிகள் வேண்டாத நேரத்தில் கூட்டம் சேராமல் தடுத்து வைத்திருந்ததும் அதே பின்னல்தான். ஒரு பக்கம் வளர்ச்சியைத் தாங்கிப் பிடிக்கும் பின்னல் மறுபக்கம் கோபத்தை அடக்கி வைக்கிறது. ஒன்றை விட்டு மற்றதை மட்டும் எடுக்க முடியாமல் இருப்பதுதான் இத்துறை மருந்தாக மாறுவதில் உள்ள பெரிய சிக்கல் என்று எனக்குத் தோன்றுகிறது.

புற்றுநோய்க் கலங்கள் இந்த எழுத்தைத் தமக்குச் சாதகமாகப் பயன்படுத்தக் கற்றுக்கொண்டவை. ஆர்ஜென்டினாவின் புவனோஸ் அயர்சில் கப்ரியேல் ரபினோவிச் என்ற ஆய்வாளரின் குழு 2004இல் இதைக் காட்டியது. மெலனோமா என்ற தோற்புற்றின் கலங்கள் முதலாம் கலெக்டினை அதிகமாக வெளிவிட்டு, தம்மைக் கொல்ல வரும் ரீ குழியங்களைக் கொன்றுவிடுகின்றன. காய்ச்சல் முடிந்ததும் படையைக் கலைக்க உடல் பாவிக்கும் அதே கட்டளையை, போர் நடந்துகொண்டிருக்கும்போதே எதிரி பிறப்பிக்கிறான். அக்கலங்களில் கலெக்டினைக் குறைத்தபோது சுண்டெலிகளின் நிர்ப்பீடனம் கட்டிகளை எதிர்த்து நின்றது.

ஆனால் இதே தந்திரம் இன்னோர் இடத்தில் அருளாக இருக்கிறது. கருப்பையிலுள்ள சிசுவில் பாதி தந்தையுடையது. தாயின் நிர்ப்பீடனத்தின் கண்ணுக்கு அது பாதி அந்நியம். இன்னொருவரின் சிறுநீரகத்தைப் பொருத்தினால் நிராகரிக்கும் உடல், ஒன்பது மாதம் ஒரு குழந்தையைச் சுமக்கிறது. இதற்குக் காரணங்கள் பல. கலெக்டின்கள் அவற்றில் ஒன்று. முதலாம் கலெக்டின் இல்லாத பெண் சுண்டெலிகள், வேறு வகை ஆண் சுண்டெலியோடு இணைந்து கருவுற்றபோது அதிக கருக்களை இழந்தன. தம் வகையோடு இணைந்தபோது அப்படி நடக்கவில்லை. கலெக்டினைச் செலுத்தியபோது கருக்கள் தப்பின. இது 2007இல் வெளியான ஆய்வு. மனிதரிலும் குரங்கினங்களிலும் சூல்வித்தகத்துக்கென்றே சில கலெக்டின்கள் உண்டென்றும், அவையும் ரீ குழியங்களின் இறப்பைத் தூண்டுகின்றன என்றும் 2009இல் தெரிய வந்தது.

இந்தப் பகுதியை வாசித்தபோது எனக்குச் சாச்சியின் நினைவு வந்தது. அவருக்கு நான்காம் மாதத்தில் கரு கலைந்தபோது, பார்க்க வந்தவர்கள் ஸலாம் சொல்லி உட்கார்ந்ததும் கேட்ட முதல் கேள்வி, "என்னத்தத் தின்ட மகள், அன்னாசியா பப்பாசியா?" என்பதுதான். ஒருவர் படியேறியதைக் கேட்டார். இன்னொருவர் பின்னேரம் முற்றத்தில் நின்றதைக் கேட்டார். சாச்சி எல்லாவற்றுக்கும் பதில் சொல்லிக்கொண்டிருந்தார். அவருக்கு நடந்ததற்குக் காரணம் கலெக்டின் என்று நான் சொல்ல வரவில்லை. சுண்டெலியில் கண்டதை அப்படியே ஒரு மனிதருக்குப் பொருத்தக் கூடாது என்பது எனக்குத் தெரியும். ஆனால் ஒரு கரு தங்குவதற்குப் பின்னால் எத்தனை கலங்கள், எத்தனை எழுத்துக்கள், எத்தனை வாசிப்புக்கள் சரியாக நடக்க வேண்டும் என்று தெரிந்த பிறகு, ஓர் அன்னாசித் துண்டைப் பிடித்துக்கொண்டு ஒரு தாயை விசாரிப்பது எனக்குப் பெரிய அநியாயமாகப் படுகிறது.

கடைசியாகச் சாப்பாட்டு விடயம். பெற்றோர் இதைத்தான் கேட்பார்கள். வட்ஸ்அப்பில் வரும் செய்திகளில் சீனியை நிறுத்தினால் புற்றுநோய்க் கலங்கள் பட்டினியால் சாகும் என்று ஒன்று அடிக்கடி வருகிறது. சீனியைக் குறைப்பது நீரிழிவுக்கும் பல்லுக்கும் நல்லதுதான். ஆனால் நாம் ஒரு துளி சீனி தின்னாவிட்டாலும் ஈரல் குளுக்கோசை ஆக்கிக் குருதிக்குக் கொடுத்துக்கொண்டே இருக்கும். கலங்களின் மேலுள்ள வெல்லங்களையும் உடல் தானே தயாரித்துக்கொள்ளும். பட்டினி கிடப்பது நோயாளிதான். அந்தச் செய்தியை அனுப்புகிறவர்கள் இதை யோசிப்பதில்லை.

எங்கள் பலாக்கொட்டையிலும் ஒரு லெக்டின் உண்டு. அதன் பெயர் ஜகலின். பலாவின் ஆங்கிலப் பெயரிலிருந்து வந்தது. (அந்த ஆங்கிலப் பெயரே மலையாளத்துச் சக்கையிலிருந்து போர்த்துக்கேயர் வழியாகப் போனது.) மனிதப் பெருங்குடற் புற்றுக் கலங்களை ஆய்வுகூடத் தட்டில் வளர்த்து ஜகலினைச் சேர்த்தபோது அவற்றின் பெருக்கம் குறைந்தது. கச்சானின் லெக்டினைச் சேர்த்தபோது பெருக்கம் கூடியது. இத்தனைக்கும் இரண்டும் பற்றுவது ஒரே வெல்லச் சோடியைத்தான். சாதாரண கலங்களில் பெரும்பாலும் மறைந்திருந்து, புற்றுக் கலங்களில் வெளிப்படும் ஒரு சோடி அது. ஓர் எழுத்தை இருவர் படித்து எதிரெதிரான கட்டளைகளைக் கொடுப்பது எப்படி என்று நான் வியந்தேன். லெக்டின் எந்தப் புரதத்தின் மேலுள்ள சோடியைப் பற்றுகிறது, பற்றிய பின் உள்ளே எங்கே போகிறது என்பதைப் பொறுத்து விளைவு மாறுகிறது.

இதை வாசித்துவிட்டு யாரும் பலாக்கொட்டை புற்றுநோய்க்கு மருந்து என்று அடுத்த வட்ஸ்அப் செய்தியைத் தொடங்கிவிட வேண்டாம். தட்டில் சேர்த்தது சுத்திகரித்த புரதம். நாம் உண்பது அவித்த கொட்டை. கொதிநீரில் அப்புரதம் பெரும்பாலும் உருக்குலைந்திருக்கும். அதுபோலக் கச்சான் தின்றால் புற்றுநோய் வரும் என்றும் எவரும் நிரூபித்ததில்லை. பாடசாலை வாசலில் கச்சான் வாங்குவதை நானும் நிறுத்தப் போவதில்லை.

சமையலறையில் கவனிக்க வேண்டிய ஒரு லெக்டின் இருக்கிறது. அது நோவெலின் கலங்களை எழுப்பிய அதே போஞ்சி லெக்டின். கடைகளில் விற்கும் சிவப்புப் போஞ்சி விதையைச் சரியாக வேகாமல் ஒரு சிலதைத் தின்றாலும் சில மணித்தியாலங்களில் கடும் வாந்தியும் வயிற்றோட்டமும் வரும். குடற் சுவரின் கலங்களில் உள்ள வெல்லங்களை அது பற்றிக்கொள்வதே காரணம். விதையை ஐந்து மணித்தியாலங்களுக்குக் குறையாமல் ஊற வைத்து, அந்தத் தண்ணீரை ஊற்றிவிட்டு, புதுத் தண்ணீரில் நன்றாகக் குமிழ் எழும்பக் கொதிக்கவிட வேண்டும். பத்து நிமிடமாவது கொதிக்க வேண்டும்; அரை மணித்தியாலம் என்றால் இன்னும் நல்லது. மெல்லிய சூட்டில் மணிக்கணக்காக வேக வைக்கும் மின்சாரச் சட்டிகளில் நேரடியாகப் போடக் கூடாது. அந்தச் சூட்டில் விதை மென்மையாகிவிடும், லெக்டினோ அழியாமல் இருக்கும்.